கேள்வி கேட்ட வாசகர்களும் பதில் சொன்ன பேராசிரியரும்



"கதைதானே! எப்படி வேணும்னாலும் எழுதிட்டுப் போகலாம். ஆகாயத்துல கோட்டை கட்டுறதுக்கு சிமெண்ட் எதுக்கு, கம்பி எதுக்கு?" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கட்டடம் என்றால் கணக்கு வேண்டும், கதை என்றால் கணக்கு வேண்டாம் என்பது பொதுவான அபிப்பிராயம். அதிலும் பூதம், மந்திரவாதி, மாய மோதிரம் என்று வரும் கதையாக இருந்தால் கேட்கவே வேண்டாம்! ஆனால் அப்படிப்பட்ட ஒரு கதையை எழுதிவிட்டு, அதில் வரும் குதிரையின் கடிவாளத்துக்குக்கூட வாசகரிடம் கணக்குச் சொன்ன ஒரு மனிதர் இருந்தார். அவர் எழுதிய பதில் கடிதங்களைப் பற்றியதுதான் இக்கட்டுரை.

அவர் பெயர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன். 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படத்தைப் பார்த்தவர்கள் நம் ஹாஸ்டலில் நிறையப் பேர் உண்டு. அந்தக் கதையை எழுதியவர். 1892-ல் இன்றைய தென்னாப்பிரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். நான்கு வயதில் அப்பா போய்விட்டார், பன்னிரண்டு வயதில் அம்மாவும் போய்விட்டார். ஒரு பாதிரியார் கார்டியனாக இருந்து வளர்க்க, உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார். 1916-ல் முதல் உலகப்போரின் சோம் போர்க்களத்தில் இருந்தார். பிறகு 1925 முதல் 1959 வரை ஆக்ஸ்ஃபோர்டிலேயே பேராசிரியர். பாடம், பழைய ஆங்கில மொழியும் இலக்கியமும்.

பேராசிரியர் என்றதும் வசதியான ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். நான்கு பிள்ளைகள். லீவு நாட்களில் பள்ளிப் பரீட்சைப் பேப்பர் திருத்தித்தான் கூடுதல் செலவைச் சமாளித்தார். அப்படி ஒருநாள் திருத்திக்கொண்டிருந்தபோது, யாரோ ஒரு மாணவன் ஒரு பக்கத்தை ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தான். திருத்தி அலுத்துப்போன மனிதர், அந்த வெள்ளைத் தாளில் மனதில் தோன்றிய ஒரு வரியைக் கிறுக்கினார். பொந்துக்குள் வாழும் 'ஹாபிட்' என்ற ஓர் ஆசாமியைப் பற்றிய வரி. ஹாபிட் என்றால் என்ன என்று அவருக்கே தெரியாது! அதைக் கண்டுபிடிக்கப் போய்த்தான் 1937-ல் 'தி ஹாபிட்' என்ற புத்தகம் வந்தது. (வெள்ளைப் பேப்பர் கொடுப்பதால் உலக இலக்கியத்துக்கும் நன்மை உண்டு என்று நம் நண்பர்கள் சிலர் இதை ஆதாரமாகக் காட்டக்கூடும். மார்க் கிடைத்ததாகத் தகவல் இல்லை!)

அதன் தொடர்ச்சியாக ஆரம்பித்த 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதி முடிய சுமார் பன்னிரண்டு வருஷம் ஆனது. டைப்பிஸ்ட் வைத்துக்கொள்ளக் காசில்லாமல் அத்தனை பெரிய புத்தகத்தையும் தானே தட்டச்சு செய்தார். டைப்ரைட்டிங் லோயருக்குப் போய் வருகிறவர்களுக்கு அந்த வேதனை புரியும். மூன்று பாகங்களும் 1954-லும் 1955-லும் வெளிவந்தன. அதற்குப் பிறகுதான் தபால்காரருக்கு வேலை வந்தது.

உலகின் பல மூலைகளிலிருந்தும் வாசகர்கள் கேள்வி கேட்டு எழுதினார்கள். அவரும் முடிந்தவரை பதில் எழுதினார். அவர் இறந்தது 1973-ல். அவருடைய கடிதங்களில் 354-ஐத் தேர்ந்தெடுத்து 1981-ல் புத்தகமாகப் போட்டார்கள். 2023-ல் மேலும் 150-க்கு மேற்பட்ட கடிதங்களைச் சேர்த்து விரிவாக்கினார்கள். லிப்கோ டிக்‌ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகப் படிக்க வேண்டிய புத்தகம். ஆனால் கதையைவிட எனக்கு இந்தக் கடிதங்கள்தான் அதிகம் பிடித்தன. ஏனென்றால் கதையில் கட்டி முடித்த கட்டடம் தெரிகிறது. கடிதங்களில் டிராயிங்கும் எஸ்டிமேட்டும் தெரிகிறது.

முதலில் வரைபடம். இப்படி ஓர் உலகத்தை எப்படிக் கட்டுவது என்பதற்கு அவர் சொல்லும் பதில், நம் சர்வே சார் சொல்வது போலவே இருக்கும். நவோமி மிட்சிசன் என்ற எழுத்தாளர், புத்தகம் அச்சாகும் முன்பே புரூஃப் படித்துவிட்டுக் கேள்விகள் கேட்டிருந்தார். 1954 ஏப்ரலில் அவருக்கு எழுதிய பதிலில், நல்லவேளையாக மேப்பிலிருந்து ஆரம்பித்தேன், கதையை அதற்குப் பொருந்த வைத்தேன் என்கிறார் டோல்கீன். கதையை முதலில் எழுதிவிட்டுப் பிறகு மேப் போட்டால் குழப்பத்தில்தான் போய் முடியும் என்பது அவர் கருத்து. யோசித்துப் பாருங்கள். ஓர் ஆள் இந்த ஊரிலிருந்து அந்த மலைக்கு நடந்து போக எத்தனை நாள்? குதிரையில் வந்தவன் அவனை எந்த இடத்தில் தாண்டியிருப்பான்? கதையில் கூட்டம் மூன்றாகப் பிரிந்து மூன்று திசையில் போகிறது. எல்லோருக்கும் தேதி ஒத்துவர வேண்டும். அதற்காக, எந்த நாளில் யார் எங்கே இருந்தார்கள் என்று நம் பார் சார்ட் மாதிரியே அட்டவணை போட்டு வைத்திருந்தார்.

நிலாவும் அவரை விடவில்லை. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1944-ல், விமானப்படைப் பயிற்சிக்காகத் தென்னாப்பிரிக்காவில் இருந்த தன் மகனுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். கதையில் நிலா தப்பாக வந்துவிட்டதாம். ஒரு பக்கத்தில் உதிக்கும் அதே நேரத்தில் இன்னொரு பக்கத்தில் மறைகிறதாம். ஆகவே பின்னால் போய் அத்தியாயங்களைத் திருத்த வேண்டியதாகிவிட்டது என்று புலம்புகிறார். டிராவர்ஸ் சர்வேயில் ஏ ஸ்டேஷனில் புறப்பட்டு, சுற்றி வந்து, பேப்பரில் பிளாட் பண்ணும்போது ஏ-க்கு வந்து சேராமல் ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி நின்றால் நமக்கு வயிற்றைக் கலக்குமே, க்ளோசிங் எர்ரர், அதே கதைதான் இது! பெரும்பாலான வாசகர்கள் நிலாவைச் சரிபார்க்கப் போவதில்லை. ஆனால் யாரோ ஒருவர் பார்ப்பார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பார்த்தார்களா? பார்த்தார்கள்! 1958-ல் ஒரு வாசகி, இந்தப் புத்தகத்தில் ஆர்வமுள்ளவர்கள் கூடும் கூட்டத்தில் படித்துக் காட்டுவதற்காக ஒரு கேள்விப் பட்டியலையே அனுப்பினார். அதில் ஒரு கேள்வி இது. கதையில் எல்ஃப் என்ற அமர இனத்தவர் சேணமும் கடிவாளமும் இல்லாமல்தான் குதிரை ஏறுவார்கள். அப்படியிருக்க க்ளோர்ஃபிண்டெல் என்ற எல்ஃப் தலைவரின் குதிரைக்கு மட்டும் கடிவாளம் எப்படி வந்தது?

நாமாக இருந்தால் என்ன சொல்வோம்? "அதெல்லாம் ஒரு அழகுக்குங்க" என்று சமாளிப்போம். டோல்கீனுக்கும் சமாளிக்கத் தெரியும். சர்க்கஸில் கையை விட்டு சைக்கிள் ஓட்டுகிறவனின் சைக்கிளிலும் ஹேண்டில்பார் இருக்கத்தானே செய்கிறது என்று வேடிக்கையாக ஒரு பதிலை எடுத்துப் போடுகிறார். அடுத்த வரியிலேயே அதை விட்டுவிட்டு, உண்மையில் அந்தச் சொல்லை யோசிக்காமல் போட்டுவிட்டேன், தலையில் கட்டும் அலங்காரப் பட்டை என்றுதான் இருந்திருக்க வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறார். அதோடு நிற்கவில்லை. பின்னால் வந்த திருத்திய பதிப்பில் அந்தச் சொல்லை மாற்றிவிட்டார். யாரோ ஒரு வாசகி கேட்ட கேள்வியால் உலகப் புகழ்பெற்ற புத்தகத்தில் ஒரு வார்த்தை மாறியிருக்கிறது!

அதே பட்டியலில் இன்னொரு கேள்வி. கதையில் ஐந்து மந்திரவாதிகள் உண்டு என்று வருகிறது. வெள்ளை, சாம்பல், பழுப்பு என்று மூவருக்கு நிறம் சொல்லியிருக்கிறது. மீதி இரண்டு பேருக்கு என்ன நிறம்? உலகத்தையே படைத்தவர், ஒரு நிறம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பச்சை என்றோ நீலம் என்றோ சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் சொன்ன பதில், தெரியாது என்பதுதான்! தெரியாததால்தான் குறிப்பிடவில்லை என்கிறார். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். டவுட் கேட்கக் கை தூக்கினால், "இது சிலபஸ்ல இல்ல, உட்காரு" என்ற பதிலைக் கேட்டே பழகிய எங்களைப் போன்றவர்களுக்கு, ஒரு ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் சாதாரணமாகத் 'தெரியாது' என்று எழுதுவது எவ்வளவு பெரிய ஆறுதல்!

தெரியாதது ஒன்று, வேண்டுமென்றே சொல்லாமல் விட்டது வேறொன்று. டாம் பாம்படில் என்று ஒரு பாத்திரம். பாட்டுப் பாடிக்கொண்டு காட்டில் திரிகிற ஆள், அந்தப் பொல்லாத மோதிரம்கூட அவரை ஒன்றும் செய்ய முடியாது. படத்தில் அவர் வரவே இல்லை. இவர் யார், கடவுளா, பூதமா என்று கேட்காத வாசகர் கிடையாது. நான் மேலே சொன்ன மிட்சிசன் கடிதத்தில், எந்தக் காலத்திலும் சில புதிர்கள் இருக்கத்தான் வேண்டும், இவர் அப்படி வேண்டுமென்றே விட்ட புதிர் என்று முடித்துவிட்டார்.

ஆனால் இருக்கிற விஷயங்களிலிருந்து கண்டுபிடிக்கக் கூடியது என்றால் மனுஷன் விடமாட்டார். 1958-59 வாக்கில் ஒரு வாசகர் ஒரு முரண்பாட்டைப் பிடித்தார். ஹாபிட்டுகள் தங்கள் பிறந்தநாளில் மற்றவர்களுக்குப் பரிசு கொடுப்பார்கள் என்று கதையின் ஆரம்பத்தில் வருகிறது. ஆனால் கோல்லம் என்ற கெட்டுப்போன பழைய ஹாபிட், மோதிரத்தைத் தனக்கு வந்த பிறந்தநாள் பரிசு என்கிறானே, இது எப்படி?

பதிலில் டோல்கீன் ஒரு சமுதாயத்தின் பழக்கவழக்கத்தையே விரித்து வைக்கிறார். பிறந்தநாள்காரர் கொடுப்பதும் உண்டு, வாங்குவதும் உண்டு. வாங்குவதுதான் பழைய வழக்கம். இவன் நம் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்று உறவினர் அங்கீகரிக்கும் சடங்கிலிருந்து வந்தது அது. கோல்லம் இந்தக் கதைக்குப் பல நூறு வருஷம் முந்தியவன். ஆகவே அவன் கேட்பதில் தப்பில்லை. அதோடு விட்டாரா? யார் யாருக்குக் கட்டாயம் பரிசு கொடுக்க வேண்டும், எத்தனை தலைமுறை உறவு வரை, பன்னிரண்டு மைலுக்கு அப்பால் குடியிருப்பவர்களுக்குக் கொடுக்காவிட்டால் குற்றமில்லை என்பது வரை எழுதுகிறார்! நம்ம ஊர் மொய் நோட்டு மாதிரி ஒன்று அந்த உலகத்திலும் இருந்திருக்கும் போலிருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, அவர் புதிதாக எதையாவது அவிழ்த்துவிட்டுத் தப்பிக்கவில்லை. முன்பு எழுதிய இரண்டு வரிகளும் உண்மையாக இருக்க வேண்டுமானால் அந்த ஜனங்கள் எப்படி வாழ்ந்திருக்க வேண்டும் என்று யோசிக்கிறார். தெரிந்த இரண்டு பாயிண்ட்டிலிருந்து மூன்றாவது பாயிண்ட்டைக் கண்டுபிடிப்பது இது.

தன் உலகத்தில் எது பலவீனம் என்பதும் அவருக்குத் தெரியும். 1954-ல் மிட்சிசனுக்கு எழுதிய இன்னொரு கடிதத்தில், உடை, விவசாயக் கருவிகள், உலோக வேலை, மண்பாண்டம், கட்டடக்கலை இவற்றில்தான் நான் மேலோட்டமாக இருந்துவிட்டேன் என்கிறார். நம் டிப்ளமோ பிரிவுகளில் பாதியை விட்டுவிட்டேன் என்று சொல்வது போல இல்லை? ஆனால் அதே கடிதத்தில், கதையில் வரும் பெரிய நகரத்துக்குச் சுற்றிலும் விளைநிலம் உண்டு, நீர்வழி உண்டு, சாலை உண்டு, அத்தனை ஜனங்களுக்கும் சோறு எப்படி வரும் என்று யோசிக்காமல் இல்லை என்றும் சொல்கிறார். எந்த ராஜா கதையிலாவது ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நாம் கேட்டிருக்கிறோமா? சிவில் பிரிவு நண்பர்களாவது இனிமேல் கேட்கலாம்.

ஆக்ஸ்ஃபோர்டில் கத்தோலிக்கப் புத்தகக் கடை நடத்திய ஒரு வாசகர், மர மனிதரான ட்ரீபியர்ட் சொல்லும் ஒரு வசனத்தைக் காட்டி, தீயசக்தியால் உயிரைப் படைக்க முடியும் என்று ஆகிவிடுகிறதே, இது சரியா என்று கேட்டார். அதற்கு டோல்கீன் எழுதியது நாம் எல்லோரும் மனதில் வைக்க வேண்டியது. ட்ரீபியர்ட் என் கதையில் வரும் ஒரு பாத்திரம், நான் அல்ல. ஞாபகசக்தி நிறைய உண்டு, ஓரளவு அறிவும் உண்டு, ஆனால் ஞானிகளில் ஒருவர் அல்ல, அவருக்குத் தெரியாதது எத்தனையோ உண்டு என்கிறார். சினிமாவில் வில்லன் பேசியதை டைரக்டர் பேசியதாக நினைத்துச் சண்டை போடுகிறவர்களுக்கு இதைப் படித்துக் காட்டலாம். இந்தப் பதிலை நீளமாக எழுதிவிட்டு, தன்னைத்தானே பெரிய ஆளாக நினைத்துக்கொள்வது போல இருக்கிறது என்று அனுப்பாமலே வைத்துவிட்டார் என்பது வேறு விஷயம்.

மோதிரம் என்பது அணுகுண்டுதானே என்று கேட்டவர்கள் ஏராளம். இல்லவே இல்லை என்று கடைசி வரை சொன்னார். அணுகுண்டு போடுவதற்கு வெகுகாலம் முன்பே, 1937 டிசம்பரிலேயே, கதை ஆரம்பித்தாகிவிட்டது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த கேள்விக்கு வருகிறேன். கதை தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. உலகத்தை அடிமைப்படுத்தக் கூடிய ஒரு மோதிரம். அதை அழிக்க ஒரே வழி, அது செய்யப்பட்ட எரிமலையிலேயே கொண்டுபோய்ப் போடுவது. ஃப்ரோடோ என்ற சின்ன ஹாபிட் அதைச் சுமந்துகொண்டு மாதக்கணக்கில் நடக்கிறான். பட்டினி, காயம், தாகம். கடைசியில் எரிமலையின் விளிம்பில் நிற்கிறான். போட வேண்டியதுதான் பாக்கி. அப்போது, மாட்டேன், இது என்னுடையது என்று மோதிரத்தை விரலில் மாட்டிக்கொள்கிறான்! பின்னாலேயே வந்த கோல்லம் அவன் விரலைக் கடித்துத் துண்டாக்கி மோதிரத்தோடு நெருப்பில் விழுகிறான். உலகம் பிழைக்கிறது. ஆனால் ஃப்ரோடோ தோற்றுவிட்டானா இல்லையா?

வாசகர்கள் விடவில்லை. அவனைக் கொண்டாடியது தப்பு, துரோகி என்று தூக்கில் போட்டிருக்க வேண்டும் என்று ஒருவர் கோபமாகவே எழுதியிருந்தாராம். 1963-ல் இதே விஷயத்தைக் கேட்ட ஒரு வாசகிக்கு டோல்கீன் விரிவான பதிலை எழுத உட்கார்ந்தார். ஆம், ஃப்ரோடோ தோற்றான் என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் அது அவன் மேல் குற்றமாகாது என்கிறார். மோதிரத்தின் அழுத்தம் அந்தக் கடைசி இடத்தில்தான் உச்சத்தில் இருக்கும். அத்தனை மாதம் சுமந்து, சோறு தண்ணி இல்லாமல் ஓய்ந்துபோன எவராலும் அங்கே அதை எதிர்க்க முடியாது. தன்னால் முடிந்த எல்லாவற்றையும் செலவழித்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் மனம் முறிந்தது, ஒரு பாறை விழுந்து அவன் உடம்பு நசுங்கியிருந்தால் எப்படியோ அப்படித்தான். பாறை விழுந்து செத்தவனைக் கோழை என்போமா? மனிதனின் சக்திக்கு எல்லை உண்டு, அந்த எல்லைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டவனைத்தான் குறை சொல்ல முடியும் என்பது அவர் வாதம். இன்னொன்றும் சொல்கிறார். வழியில் கோல்லத்தைக் கொல்ல வாய்ப்பிருந்தும் ஃப்ரோடோ இரக்கப்பட்டு விட்டுவிட்டான். அந்த இரக்கம்தான் கடைசியில் காரியத்தை முடித்தது.

மெட்டீரியல் டெஸ்டிங் லேபில் எம்.எஸ். கம்பியை மெஷினில் மாட்டி இழுக்கிறோம். கம்பி நீளுகிறது, நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்குகிறது, கடைசியில் படீரென்று சத்தத்தோடு அறுகிறது. முதல் தடவை அந்தச் சத்தத்துக்குத் துள்ளிக் குதிக்காதவர்கள் யார்? கம்பி அறுந்துவிட்டது என்று ரெக்கார்டில் எழுதுகிறோம். எத்தனை கிலோநியூட்டன் தாங்கிவிட்டு அறுந்தது என்பதையும் அதே பக்கத்தில் எழுதுகிறோம். இரண்டாவதை எழுதாவிட்டால் சார் கையெழுத்துப் போடமாட்டார்.

எங்கள் வகுப்பில் முதல் வருஷம் சேர்ந்த ஒரு நண்பன் இப்போது எங்களோடு இல்லை. சென்ட்ரிங் வேலை பார்த்த அவன் அப்பா சாரத்திலிருந்து விழுந்து படுக்கையானார். இவன் மூத்த பிள்ளை, கீழே இரண்டு தங்கைகள். விடியற்காலை பால் பாக்கெட் போடுவான், பத்து மணிக்கு காலேஜ், சாயங்காலம் ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுவான், ராத்திரி பஸ் ஸ்டாண்டு லைட்டில் மெக்கானிக்ஸ் போடுவான். இப்படியே மூன்று செமஸ்டர் ஓட்டினான். நாலாவதில் அட்டெண்டன்ஸ் போயிற்று, அரியர் சேர்ந்தது, நின்றுவிட்டான். "அவனுக்குப் படிப்பு ஏறலப்பா" என்று ஊரில் ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டார்கள். எத்தனை கிலோநியூட்டன் என்று யாரும் எழுதவில்லை. டோல்கீனின் அந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்கு ஃப்ரோடோ ஞாபகம் வரவில்லை, இவன் ஞாபகம்தான் வந்தது.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். லீவுக்குப் போனபோது இந்தக் கதையை அம்மாவுக்குச் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, மோதிரம், எரிமலை எதைப் பற்றியும் கேட்கவில்லை. "அந்தப் பையனுக்கு வெரலு போச்சே, அப்புறம் எப்படிப்பா வேலவெட்டி செஞ்சான்?" என்றார்கள். நான் அசந்துபோனேன். ஏனென்றால் புத்தகத்தின் கடைசிப் பகுதியே அதுதான். ஜெயித்துத் திரும்பிய பிறகும் ஃப்ரோடோ பழையபடி ஆகவில்லை. காயம்பட்ட அதே தேதிகள் வருஷா வருஷம் வரும்போது, அக்டோபர் 6, மார்ச் 13, அவனுக்கு உடம்பு முடியாமல் போகிறது. சொந்த ஊரில் இருக்க முடியாமல் கடைசியில் கப்பலேறிப் போய்விடுகிறான். அந்த வாசகிக்கு எழுதிய பதிலிலும் டோல்கீன் இதைச் சொல்கிறார். அவனைக் கடல் கடந்து அனுப்பியது பரிசு கொடுக்க மட்டுமல்ல, ஆறுமானால் அந்தப் புண் ஆறட்டும் என்றுதான். அம்மா இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதியிருந்தால் அவர் அதற்கும் நாலு பக்கம் பதில் போட்டிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இப்படிப் பதில் எழுதியே மனிதருக்கு நேரம் போயிற்று. அமெரிக்காவிலிருந்து ரசிகர்கள் டெலிபோன் செய்வார்கள். அவர்களுக்குச் சாயங்காலம் என்றால் ஆக்ஸ்ஃபோர்டில் நடுராத்திரி தாண்டியிருக்கும்! 1968-ல் அவர் போர்ன்மத் என்ற கடற்கரை ஊருக்குக் குடிபோனபோது, விலாசம் வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் கடிதம் எழுதியதில் ஒரு லாபமும் கிடைத்தது. 1965-ல் ஏஸ் புக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் அனுமதி வாங்காமல் மலிவுப் பதிப்புப் போட்டது. ஆசிரியருக்குக் காசு இல்லை. அமெரிக்க வாசகர்களுக்கு எழுதும் ஒவ்வொரு பதிலிலும் அந்தப் பதிப்பைப் பற்றி ஒரு குறிப்புச் சேர்த்தார். வாசகர்கள் சும்மா இருப்பார்களா? ஊர் ஊராக எதிர்ப்புக் கிளம்பி, கடைசியில் அந்த நிறுவனம் அவருக்குப் பணம் கொடுத்துவிட்டு, அந்தப் பதிப்பை மறுபடி அச்சிடுவதில்லை என்று ஒதுங்கியது.

வந்த கடிதங்களிலேயே விசித்திரமானது 1956 மார்ச்சில் லண்டனிலிருந்து வந்தது. ஃப்ரோடோவின் கூடவே கடைசி வரை போகும் தோட்டக்காரன் பெயர் சாம் கேம்ஜீ. கடிதத்தை எழுதியவர் பெயரும் சாம் கேம்ஜீ! புத்தகத்தை அவர் படிக்கவில்லை. ரேடியோவில் ஏதோ கதையில் தன் பெயர் வருகிறதாமே, எங்கிருந்து பிடித்தீர்கள் என்று கேட்டிருந்தார். டோல்கீன் பொறுமையாக விளக்கினார். தான் சிறுவயதில் வளர்ந்த பர்மிங்காம் பக்கத்தில் பஞ்சுக்கு 'கேம்ஜீ' என்று ஒரு பெயர் உண்டு, அதைக் கண்டுபிடித்த டாக்டரின் பெயரால் வந்தது. அதனால்தான் கதையில் சாமுக்குக் கட்டிவைத்த பெண்ணின் குடும்பப் பெயர் காட்டன்! விளக்கியதோடு மூன்று பாகங்களிலும் கையெழுத்துப் போட்டு அந்த நிஜ சாமுக்கு அனுப்பியும் வைத்தார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் தபால்காரரைக் கண்டாலே அவருக்குப் பயமாம். அடுத்த கடிதத்தின் அடியில் 'எஸ். கோல்லம்' என்று கையெழுத்து இருந்தால் என்ன செய்வது என்று!